நாலு கையெழுத்து

வெள்ளையன் நோட்டை நீட்டினார். நான் வாங்கவில்லை.

இந்த வாரம் நான் எழுத வேண்டியது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

ஜவ்வாது மலையில் புதூர்நாட்டிலிருந்து மண்பாதையில் அரை மணி நேரம் மேலே நடந்தால் வரும் ஊர் அது. பெயர் வேண்டாம். புளி உலுக்கி முடிந்த காலம். வாசலெல்லாம் உடைத்துப் போட்ட புளி ஓடு. செருப்புக்குள் புகுந்து காலைக் குத்தியது. என்னோடு நர்சிங் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆறு பேர். வீட்டுக்குள் வெள்ளையனின் மனைவி மங்கை பாயில் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் பேச்சை நிறுத்திய ஒரு நொடியில் அந்தச் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். புதிதாக வந்த ஒரு பெண் தலையைத் தூக்கிச் சுவரெல்லாம் பார்த்தாள்.

மங்கை சிரித்தாள். "அங்க இன்னாத்தப் பாக்கற? கடியாரம் இங்க கீது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "சாவியே குடுக்க வாணாம். அதுவா ஓடும்."

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இருதய வால்வைத் தின்றுவிட்டது. சென்னையில் ஆபரேஷன் செய்து உலோக வால்வு வைத்தார்கள். அது திறந்து மூடும் சத்தம்தான் அது. அந்த வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். மாத்திரையின் வேலை குறைந்தால் ரத்தம் உறையும். கூடினால் உள்ளே கசியும். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை செய்து அளவு பார்க்க வேண்டும். கத்தி மேல் நடக்கிற பிழைப்பு. அப்படித்தான் அவள் பல வருஷமாக, புளியும் சாமையும் பார்த்துக்கொண்டு, நடந்துகொண்டிருந்தாள்.

நாங்கள் கிளம்பும்போது வெள்ளையன் வாசலுக்கு வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. பைக்குள் நீள நோட்டு.

"நர்சக்கா, வூட்டு நோட்டு. புள்ளைங்கள எய்தச் சொல்லுங்க."

"அதெல்லாம் நின்னுபோச்சு தம்பி. இப்ப அவங்கவங்களுக்குத் தனி ரெக்கார்டு. உள்ள வை."

"ஒரு தபா தொறந்து பாருங்களேன். இது ஏதோ..."

"மணி ஆவுதுப்பா. இன்னும் மூணு வூடு பாக்கணும்."

உள்ளேயிருந்து மங்கை குரல் கொடுத்தாள். "வுடு, அக்காவுக்கு வேல கீது. அப்பறமாட்டி பாத்துக்கலாம்."

பத்தாம் நாள் மங்கை செத்துப்போனாள்.

வியாழக்கிழமைக்காக ஒரு சண்டை

நான் நர்சிங் ஆசிரியையாக வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி நாலும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. நாலு கட்டடம், நாலு முதல்வர், நாலு கேன்டீன். நாளைக்கு ஒரே கட்டிலைச் சுற்றி நிற்கப் போகிற பிள்ளைகள், படிப்பு முடியும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படிக்கிறார்கள்.

இதை மாற்ற ஒரு டாக்டரம்மா வந்தார். மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் நடத்தியவர். அதிகம் பேசமாட்டார். என் அறைக்கு வந்து, நாற்காலியில் கூட உட்காராமல், "எனக்கு ஜவ்வாது மலை தெரியாது. உங்களுக்குத் தெரியும். வர்றீங்களா?" என்று கேட்டார். நான் ஆலங்காயத்துப் பக்கத்துக்காரி. எங்கள் கொல்லையில் நின்றால் மலை தெரியும். வருகிறேன் என்றேன்.

திட்டத்தில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மலையில் சில வீடுகள். ஒரு வீட்டுக்கு நாலு மாணவர்கள், துறைக்கு ஒருவர். ஒரு வருஷம் முழுக்க அதே நாலு பேர், அதே வீடு. வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை. அந்த ஒரு நாளை நாலு முதல்வரோடும் சண்டை போட்டுத்தான் வாங்கினோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு. அது அந்த வீட்டுச் சொத்து, ஆணியில் தொங்கும், கல்லூரிக்கு வராது. நாலு பேரும் பார்த்ததை அதில்தான் எழுத வேண்டும், தமிழில்.

நோட்டின் கடைசிப் பக்கங்கள் 'வீட்டார் கேள்வி'. வீட்டுக்காரர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அதற்கு நாலு பேரும் உட்கார்ந்து பேசி, ஒரே பதில் எழுதி, கீழே நாலு கட்டத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று கையெழுத்து இருந்தால் பதில் செல்லாது. இந்த விதி என்னுடையது. டாக்டரம்மா கூட இவ்வளவு கறார் வேண்டாமே என்றார். நான் விடவில்லை.

முதல் கேள்வி வந்தது ஒரு கிழவரிடமிருந்து. "ஆடு இருமுது. இன்னா பண்றது?" நாலு பிள்ளைகளும் அரை மணி நேரம் விவாதித்து, 'கால்நடை மருத்துவரிடம் கேட்கவும்' என்று எழுதி, நாலு கையெழுத்துப் போட்டார்கள். கிழவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதச் சொல்றதுக்கு நாலு பேரா?" என்று கேட்டார். ஊரே சிரித்தது.

ஜீப்பின் முன்சீட்டு

ஆரம்பத்தில் ஜீப்பில் முன்சீட்டு மருத்துவ மாணவர்களுக்கு. யாரும் சொல்லவில்லை. அவர்களே ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். நர்சிங் பிள்ளைகள் பின்னால், மூட்டைகளோடு.

பார்மசிப் பையன் ஒருவன் வாயாடி. "டாக்டர் சார் முன்னாடியே உக்காருங்க சார். மலை உங்களப் பாத்துப் பயப்படட்டும்" என்பான். மூன்றாவது வளைவில் டாக்டர் சார் வாந்தி எடுத்தார். முதுகைத் தடவிவிட்டவள் நர்சிங் பிள்ளை. பாக்கெட்டில் இருந்த நார்த்தங்காய் ஊறுகாயைக் கொடுத்தவன் அந்தப் பார்மசிப் பையன். பேச்சு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் இருந்தார். மாத்திரை சரியாகச் சாப்பிடுகிறேன் என்று சத்தியம் செய்வார். வலிப்பும் நிற்காது. மருத்துவ மாணவன் மருந்தை மாற்ற வேண்டும் என்றான். பார்மசிப் பையன் அட்டையை எண்ணிப் பார்த்து, மூன்றில் ஒரு பங்கு மீதம் என்றான். நர்சிங் பிள்ளை அடுப்படிக்குப் போய் வீட்டுக்காரம்மாவிடம் பேசிவிட்டு வந்தாள். "சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை" என்று சீட்டில் எழுதியிருந்தது. அந்த வீட்டில் சாப்பாடே இரண்டு வேளைதான்.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் எந்த வகுப்பறையிலும் பார்த்ததில்லை.

நான் வாயை மூடிக்கொண்ட நாள்

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "ஏன் மேடம் இவ்ளோ கோவம்?" என்றாள். கோபம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

நான் நர்சிங் படித்த காலம். வார்டில் ஒரு பயிற்சி டாக்டர் மருந்து அளவைத் தவறாக எழுதிவிட்டார். புள்ளியை இடம் மாற்றிப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்தது. சீனியர் சிஸ்டருக்கும் தெரிந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். சிஸ்டர் என் கையைக் கிள்ளினார். "உனக்கு இன்னாத்துக்கு? அவுரு டாக்டரு."

அந்த நோயாளி பிழைத்துக்கொண்டார். அடுத்த ஷிப்டில் வேறொரு டாக்டர் பார்த்துத் திருத்தியதால். எங்கள் புண்ணியத்தில் இல்லை. கிள்ளிய இடம் இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது.

டாக்டரும் நர்சும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏதோ மேல்நாட்டுப் புதுமை என்று நினைக்கிறார்கள். எனக்கு அது கிள்ளின கை.

எப்படிச் செத்தது திட்டம்

வெளியிலிருந்து வந்த நிதி மூன்று வருஷத்தோடு முடிந்தது. அதனால் திட்டம் செத்தது என்று பல்கலைக்கழகத்தில் சொல்வார்கள். பொய். ஜீப்புக்கு டீசல் கிடைக்காமல் எந்தத் திட்டமும் சாவதில்லை. வியாழக்கிழமை கிடைக்காமல் செத்தது.

மருத்துவக் கல்லூரியில் பாடத்திட்டம் மாறியது. வியாழக்கிழமை மதியம் புது வகுப்பு வந்துவிட்டது. செவ்வாய்க்கு மாற்றலாமா என்று கேட்டார்கள். செவ்வாயில் பார்மசிக்கு லேப். புதன் என்றால் பிசியோதெரபிக்கு ஆஸ்பத்திரி வேலை. நான் நாலு டைம்டேபிளையும் கையில் எடுத்துக்கொண்டு கட்டடம் கட்டடமாக அலைந்தேன். ஒருவர் கூட முடியாது என்று சொல்லவில்லை. எல்லோரும் "ரொம்ப நல்ல திட்டம் மேடம்" என்றார்கள். "அடுத்த செமஸ்டர் பாக்கலாம்" என்றார்கள்.

டாக்டரம்மா ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவருக்கு மலை என்றால் ஏலகிரி சுற்றுலா. மதிப்பெண் இல்லாத வேலைக்குப் பிள்ளைகளும் வரத் தயங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பரீட்சையில் வராததை எந்தப் பிள்ளை படிக்கும்?

இரண்டு பேர் முதுகில் நின்ற திட்டம். ஒரு முதுகு போனது. இன்னொரு முதுகு நான். எனக்கும் அலுத்துவிட்டது. இதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் கணக்குக் காட்ட வேண்டுமே. அதனால் வருஷத்துக்கு ஒரு நாள் அரங்கத்தில் 'கூட்டுக் கல்வி நாள்' என்று வைத்தார்கள். நாலு துறைக்கு நாலு நிறத்தில் டி-சர்ட். ஒரு நாடகம், ஒரு போட்டோ, எல்லோருக்கும் சான்றிதழ். மலைக்கு அவரவர் வசதிப்பட்ட நாளில், அவரவர் தனியாகப் போனார்கள். அவரவர் ரெக்கார்டை எழுதி, அவரவர் ஆசிரியரிடம் மதிப்பெண் வாங்கினார்கள்.

நல்ல கேஸ் இருக்கிற வீடு எது என்று எல்லோருக்கும் தெரியும். நெஞ்சில் கடிகாரம் ஓடுகிற மங்கையின் வீடு.

நாலு ரெக்கார்டு

மங்கை போன பிறகு நான் நாலு துறைக்கும் போய், அவளைப் பற்றி எழுதிய ரெக்கார்டுகளைக் கேட்டு வாங்கிப் படித்தேன். வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பார்மசி. பொங்கல் முடிந்த கையோடு போயிருக்கிறார்கள். அவள் சாப்பிடும் ரத்த மாத்திரையைப் பற்றி அருமையாக எழுதியிருக்கிறார்கள். அதோடு எந்தெந்த மாத்திரை சேரக் கூடாது என்று ஒரு பக்கம் முழுக்கப் பட்டியல். அதில் வலி மாத்திரையின் பெயர் சிவப்பில் அடிக்கோடு போட்டு இருக்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில். மங்கையிடம் தமிழில் சொன்னது ஒரு வரி. எந்தப் புது மாத்திரையும் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

அடுத்து பிசியோதெரபி. புளி உலுக்கும்போது மங்கை பாறையில் வழுக்கி முட்டியில் அடிபட்டிருந்தாள். வீக்கத்தை அளந்து, பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு வரி. 'ஆலங்காயத்தில் அக்கா வீட்டுக்குப் போனபோது கடையில் வலி மாத்திரை வாங்கி, தினமும் இரண்டு வேளை சாப்பிடுகிறார்.'

மூன்றாவது மருத்துவம். பத்துப் பேர் வரிசையில் நின்று ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். வால்வுச் சத்தத்தைப் பற்றி மூன்று பக்கம். கண் இமையின் உள்பக்கம் வெளுத்திருந்ததையும் பார்த்திருக்கிறார்கள். ரத்தசோகை என்று எழுதி, சுகாதார நிலையத்திலிருந்து இரும்புச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ரத்தம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியாக நர்சிங். என் பிள்ளைகள். 'பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது. அசதி. மலம் கறுப்பாகப் போகிறது. காரணம், இரும்புச் சத்து மாத்திரை. அறிவுரை, கீரை, பேரீச்சம்பழம், பல் சுத்தம்.'

இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும். உண்மைதான். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் மலம் கறுக்கும். மாதாமாதம் செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனையோ பல மாதமாக நடக்கவில்லை. வியாழக்கிழமை இருந்தபோது எங்கள் பிள்ளைகள் மலையிலேயே ரத்தம் எடுத்துக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். அது நின்றதும், அடிபட்ட முட்டியோடு பஸ் ஏறித் திருப்பத்தூர் போய்வர அவளால் முடியவில்லை.

நாலு ரெக்கார்டையும் ஒரே மேஜையில் வைத்தால் ஒரு குழந்தைக்கும் புரியும். வைப்பதற்கு மேஜை இல்லை.

நர்சிங் ரெக்கார்டைத் திருத்தியவள் நான். 'மலம் கறுப்பு' என்ற வரிக்குப் பக்கத்தில் என் சிவப்பு மை 'டிக்' இருக்கிறது. நன்றாகக் கவனித்திருக்கிறாள் என்று அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று போட்டிருக்கிறேன்.

போன்

மங்கையின் ரெக்கார்டில் கையெழுத்துப் போட்ட மறுநாள். காலையில் வகுப்புக்குப் போகும் வழியில் போன் அடித்தது.

"நர்சக்கா, மங்க வாந்தி எடுக்குது. காபித் தூளு மாதிரி கறுப்பா வருது. இப்ப செவப்பாவும் வருது."

"என்ன மாத்திரை சாப்டா? சீக்கிரம் சொல்லு."

"ரத்த மாத்திர, சத்து மாத்திர, அப்பறம் முட்டி வலிக்கு ஆலங்காயத்துல வாங்கியாந்தது. அது ஒரு மாசமா சாப்புடுதே. புள்ளைங்க கையில கூட எடுத்துப் பாத்தாங்களே."

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். "உடனே கீழ எறக்கு. ஆம்புலன்சுக்குச் சொல்லு. வர லேட்டானா ஜீப்ல ஏத்து. நான் திருப்பத்தூர் ஆஸ்பத்திரில நிக்கறேன்" என்று கத்தினேன்.

ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்தது. பலா ஏற்ற வந்த ஜீப்பில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். ஜீப் வந்தது. உள்ளே பலாப்பழ வாசனையும் ரத்த வாசனையும். வெள்ளையன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கடசி வளைவுல சத்தம் நின்னுபோச்சு" என்றார்.

ஆணியில் தொங்கிய பை

காரியத்துக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. மங்கையின் மகள், விடுதியில் தங்கிப் படிக்கிற பெண், எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அம்மாவின் பாயைப் பார்த்தபடி நின்றாள்.

எல்லோரும் போன பிறகு வெள்ளையன் ஆணியிலிருந்து ஜவுளிக்கடைப் பையை எடுத்தார்.

"இப்பவாச்சும் பாருங்க நர்சக்கா."

திறந்தேன். முன்பக்கங்களில் பழைய பிள்ளைகளின் கையெழுத்து. திட்டம் நின்ற தேதிக்குப் பிறகு காலியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை. மங்கை எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் பிள்ளைகள் எழுத வேண்டிய இடத்தில் அவளே எழுதியிருந்தாள். பென்சிலில், உருண்டை உருண்டையான எழுத்தில்.

'மருந்து பிள்ளைங்க வந்தாங்க. மாத்திரை எண்ணாங்க. புது மாத்திரை கேட்டுட்டு தான் சாப்புடணும் சொன்னாங்க.'

'முட்டிக்கு கசரத்து சொன்னாங்க. கடை மாத்திரை சாப்புட்டா வலி கொறையுது.'

'டாக்டர் பிள்ளைங்க பத்து பேர் நெஞ்ச கேட்டாங்க. சத்து மாத்திரை குடுத்தாங்க.'

'பல்லுல ரத்தம். வெளிக்கி கறுப்பா போவுது.' இதைத் தேதி போட்டு நாலு முறை எழுதியிருந்தாள்.

நாங்கள் நாலு கட்டடத்தில் பிரித்து வைத்திருந்ததை ஒருத்தி ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். நாங்கள் சொல்லிக் கொடுத்த முறையில். நாங்கள் விட்டுவிட்ட முறையில்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். 'வீட்டார் கேள்வி'. அதன் கீழே ஒரே ஒரு கேள்வி.

'முட்டி வலி மாத்திரையும் ரத்த மாத்திரையும் சேத்து சாப்புடலாமா. கேட்டுட்டு சாப்புடணும்னு சொன்னாங்க. அதான் கேக்கறேன்.'

கேள்விக்குக் கீழே ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டிருந்தாள். கையெழுத்துக்கு.

நான் அழவில்லை. அழ எனக்கு உரிமை இல்லை. கேட்கச் சொன்னோம், கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வி என் கைக்கு அரை அடி தூரம் வரைக்கும் வந்தது. மணி ஆகிறது என்றேன்.

"நான் இதை எடுத்துட்டுப் போகட்டுமா தம்பி?" என்று கேட்டேன்.

"எடுத்துனு போங்க. ஆனா பதிலு எய்தியாந்து குடுங்க."

"இனிமே எதுக்குப்பா..."

"கேள்வி கேட்டுச்சி இல்ல? பதிலு வரணும் இல்ல?" அவர் குரல் உயரவே இல்லை. "நாலு கையெழுத்து இல்லாத பதிலு செல்லாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

பேனாவைத் தொடாதவர்கள்

ஜீப்பிலேயே எழுதினேன். 'கூடாது. இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். வலி மாத்திரையை உடனே நிறுத்தவும். உடனே ரத்தப் பரிசோதனை செய்யவும்.' ஒரு கட்டத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

மீதி மூன்றுக்கு அலைந்தேன்.

மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் நோட்டைத் தொடவே இல்லை. மேஜை மேல் வைத்ததைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "நான் எந்த கெப்பாசிட்டில மேடம் சைன் பண்றது? இது மெடிக்கோ லீகல் ஆயிடும், கோர்ட்டு கேஸுன்னு போயிடும். நீங்களும் உங்க சைனை அடிச்சிடுங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

பார்மசித் துறைத் தலைவர் நல்ல மனுஷர். அலமாரியைத் திறந்து அந்த ரெக்கார்டை எடுத்துக் காட்டினார். "பாருங்க மேடம், எங்க பசங்க கரெக்டா எழுதியிருக்காங்க. அண்டர்லைன் பண்ணியிருக்காங்க. எங்க பக்கம் தப்பே இல்ல." அவர் சொன்னது முழுக்க உண்மை. அந்த உண்மை அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

"சரி சார், அதையே இங்க ஒரு கையெழுத்தாப் போடுங்க" என்றேன்.

"அதான் அங்க போட்டிருக்கேனே" என்றார்.

பிசியோதெரபித் துறையில் கமிட்டியில் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். எந்தக் கமிட்டி என்று கேட்டேன். அமைக்க வேண்டும் என்றார்கள்.

அந்த வருஷக் கூட்டுக் கல்வி நாள் வந்தது. பழைய ஒருங்கிணைப்பாளர் என்ற மரியாதைக்கு எனக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். மேடையேறி, நோட்டைப் பிரித்து, மங்கையின் கேள்வியை அவள் எழுதியிருந்தபடியே படித்தேன். பிறகு, "சேத்து சாப்புடலாமா?" என்று அரங்கத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"கூடாது!"

நாலு நிற டி-சர்ட்டும் ஒரே குரலில் கத்தின. ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முன்வரிசையில் இருந்த பேராசிரியர்கள் பெருமையாகத் தலையாட்டினார்கள்.

"இவ கேட்டப்ப ஏன் ஒருத்தரும் சொல்லல?" என்றேன்.

தொகுத்து வழங்கிய பெண் ஓடி வந்து, "தேங்க்யூ மேடம், வெரி இன்ட்ரஸ்டிங் கேஸ்!" என்று மைக்கை வாங்கிக்கொண்டாள். அடுத்து குழு நடனம்.

நான் பின்பக்கமாக இறங்கிச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றேன். பச்சை டி-சர்ட் போட்ட ஒரு பிள்ளை பின்னாலேயே வந்தாள். பிசியோதெரபி. பெயர் நிவேதா.

"மேடம், அந்த முட்டி நான் பார்த்தது. மாத்திரை அட்டைய நான்தான் கையில எடுத்துப் பார்த்தேன். ரெக்கார்டுல எழுதணும்னு பேரைக் காப்பி பண்ணிக்கிட்டேன்." மூக்கை டி-சர்ட்டில் துடைத்தாள். "அந்த அண்ணன் நோட்டக் குடுத்தாரு. இது எங்களோடது இல்லைன்னு சொல்லிட்டேன்."

நானும் அதையேதான் சொன்னேன் என்றேன்.

"நான் சைன் பண்ணலாமா மேடம்?"

யோசிச்சுக்கோ, உனக்குப் பிரச்சினை வரலாம் என்றேன். நோட்டை என் கையிலிருந்து வாங்கி, சைக்கிள் சீட்டின் மேல் வைத்து, முழுப் பெயரையும் எழுதினாள்.

ஆணிக்குத் திரும்பியது

மறுபடி மலையேறினேன். வெள்ளையன் சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து நோட்டை வாங்கினார். பதிலைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். 'வலி மாத்திரையை உடனே நிறுத்தவும்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அவர் காத்திருந்தார். மீதியையும் படித்தேன்.

கட்டங்களின் மேல் விரலை வைத்து எண்ணினார். விரல் நுனியில் மண் இருந்தது. இரண்டு கட்டத்தில் பெயர். இரண்டு காலி. காலிக் கட்டம் ஒன்றில் மண் ஒட்டிக்கொண்டது.

"மீதி?"

"வாங்கியாறேன்."

பேச்சுக்குச் சொல்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு நோட்டைப் பைக்குள் போட்டு ஆணியில் மாட்டினார்.

"எந்தக் கெழம வருவீங்க?"

"வியாழக்கிழமை" என்றேன். வேறு எந்தக் கிழமையும் என் வாயில் வரவில்லை.